பயனரே தன் போர்டல் டெஸ்க்டாப்பை மாற்றிக்கொள்ள விடுவது: எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது, எப்படிச் சேமிப்பது

கேள்வி இதுதான்: “எங்கள் கல்லூரி போர்டலில் லாகின் செய்ததும் எல்லோருக்கும் ஒரே டெஸ்க்டாப் (பெட்டி பெட்டியாகத் தகவல் காட்டும் முகப்புப் பக்கம்) வருகிறது. மாணவர், ஆசிரியர், அலுவலக ஊழியர் என்று ஒவ்வொருவரும் தன் டெஸ்க்டாப்பைத் தானே மாற்றி அமைத்துக்கொள்ள வழி செய்யுங்கள் என்று நிர்வாகம் கேட்கிறது. எதுவரை விடலாம்? அதை எப்படிச் சேமிப்பது? பிறகு நாங்களே பக்கத்தை மாற்ற நேர்ந்தால் என்ன ஆகும்?”

மூன்றில் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். பெட்டிகளை இழுத்து நகர்த்தும் திரையை உருவாக்குவது இன்று பெரிய காரியமே இல்லை. கிரிட்ஸ்டாக், ரியாக்ட் கிரிட் லேஅவுட் போன்ற இலவச நிரல் தொகுப்புகள் அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. நிர்வாகத்துக்கு டெமோ காட்டினால் எல்லோரும் மகிழ்ச்சி அடைவார்கள். சிக்கல் அடுத்த செமஸ்டரில் வரும். விடுதிக் கட்டணத்துக்கென்று புதிதாக ஒரு பெட்டி சேர்க்கிறீர்கள். பாதிப் பேருக்கு அது தெரிகிறது, மீதிப் பேருக்குத் தெரிவதில்லை. தெரியாதவர்கள் யாரென்று பார்த்தால், ஆசையாக உட்கார்ந்து தன் பக்கத்தை ஒழுங்குபடுத்தி வைத்தவர்கள்தான். போர்டலை அதிகம் பயன்படுத்துபவர்களுக்கே புதிய செய்தி போய்ச் சேராத நிலை இது.

இதற்குக் காரணம் சேமிக்கும் முறை. பயனர் முதல்முறை மாற்றம் செய்யும்போது டீஃபால்ட் பக்கத்தை, அதாவது எல்லோருக்கும் முதலில் வரும் பக்கத்தை, முழுவதுமாக நகலெடுத்து, அந்த நகலை அவர் பேரில் டேட்டாபேஸில் போட்டுவிடுகிறார்கள். எழுத எளிதான முறை என்பதால் பலரும் இதில்தான் போய் நிற்கிறார்கள். மூடில் என்ற பாடம் நடத்தும் மென்பொருளைப் பயன்படுத்தியவர்களுக்கு இது பழகிய விஷயம். அதன் டாஷ்போர்டில் பயனருக்கென்று டீஃபால்ட் பக்கத்தின் தனி நகல் ஒன்று உண்டாகிறது. நகல் உண்டான பிறகு, அட்மின் டீஃபால்ட் பக்கத்தில் செய்யும் மாற்றம் அந்தப் பயனரை எட்டாது. அதனால்தான் ‘எல்லாப் பயனர்களின் டாஷ்போர்டையும் ரீசெட் செய்’ என்ற பட்டனை அட்மின் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் புதிய பெட்டி எல்லோருக்கும் வந்துவிடும். கூடவே ஒவ்வொருவரும் செய்து வைத்த ஏற்பாடு மொத்தமும் அழிந்துவிடும். வேண்டாம் என்றால், பயனர் யாரும் மாற்ற முடியாதபடி டீஃபால்டையே கட்டாயமாக்கும் செட்டிங்கும் இருக்கிறது. ஆக அட்மினுக்கு இருப்பது இரண்டு வழி: பயனரின் உழைப்பை அழிப்பது, அல்லது அவருக்கு உரிமையே தராமல் இருப்பது. மூடிலின் முதன்மை வேலை பாடம் நடத்துவது என்பதால் அங்கே இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. டெஸ்க்டாப்பே முக்கியமாக இருக்கும் ஒரு போர்டலில் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இந்தச் சிக்கலுக்கு விடை இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது என்பதுதான் எனக்கு ஆதங்கம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் போர்டல் சர்வர் (முதலில் ஐபிளானெட், பிறகு சன் ஒன், அதற்குப் பிறகு சன் ஜாவா சிஸ்டம் என்று பெயர் மாறிக்கொண்டே வந்த மென்பொருள்) பயனர் காணும் பக்கத்தை ‘டெஸ்க்டாப்’ என்றே அழைத்தது. அதில் உள்ள ஒவ்வொரு பெட்டியும் ஒரு ‘சேனல்’. டெஸ்க்டாப் எப்படி இருக்க வேண்டும் என்பதை ‘டிஸ்ப்ளே புரொஃபைல்’ என்ற எக்ஸ்எம்எல் ஆவணம் சொல்லும். அப்படி ஓர் ஆவணம் மட்டும் இருக்காது. போர்டல் முழுவதற்கும் ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று, பயனர் வகிக்கும் பொறுப்புக்கு ஒன்று, கடைசியாக அந்தப் பயனருக்கே ஒன்று என்று அடுக்கடுக்காக இருக்கும். பயனர் லாகின் செய்யும்போது இவற்றை முன்னுரிமை எண்ணின்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து டெஸ்க்டாப்பை உருவாக்குவார்கள். பயனரின் ஆவணம் கடைசியில் வந்து சேரும். அதனால் அவர் சொல்லுக்கே மதிப்பு அதிகம். ஆனால் மேலே உள்ள ஆவணத்தில் ஒரு விஷயத்தைப் பூட்டி வைத்திருந்தால், கீழே வரும் யாரும் அதை மாற்ற முடியாது. சேர்க்கும்போது இரண்டையும் கலப்பதா, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதா, ஒன்றை நீக்குவதா என்பதையும் ஆவணத்திலேயே சொல்லிவிடலாம். பயனருக்குக் கிடைக்கக்கூடிய சேனல்கள் ஒரு பட்டியல், அவர் தேர்ந்தெடுத்தவை இன்னொரு பட்டியல் என்று இரண்டையும் பிரித்தே வைத்திருந்தார்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய யூபோர்டல் இதே எண்ணத்தை இன்னும் தெளிவாகச் செய்தது. அங்கே அட்மின்கள் முழுப் பக்கத்தை உருவாக்குவதில்லை. பக்கத்தின் துண்டுகளை உருவாக்குகிறார்கள். நூலகத்துக்கு ஒரு துண்டு, மாணவர் சேவைக்கு ஒரு துண்டு, ஆசிரியர்களுக்கு ஒரு துண்டு. பயனர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறாரோ அந்தத் துண்டுகள் சேர்ந்து அவர் பக்கம் உருவாகிறது. அதன்மேல் அவர் செய்த மாற்றங்கள் மட்டும் தனியாகச் சேமிக்கப்பட்டு ஏற்றப்படுகின்றன. நூலகத்தார் தங்கள் துண்டில் ஒரு பெட்டியைச் சேர்த்தால், தன் பக்கத்தை எவ்வளவு மாற்றி வைத்திருந்தாலும் அந்தப் பயனருக்கும் அது வந்து சேரும். துண்டுக்கு உரியவர் ஒவ்வொரு பெட்டிக்கும் நகர்த்தலாமா, நீக்கலாமா, திருத்தலாமா, இதற்குள் வேறு சேர்க்கலாமா என்று தனித்தனியாக அனுமதி தரலாம்.

ஆகவே என் முதல் பதில், மற்ற எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது: பயனரின் பக்கத்தைச் சேமிக்காதீர்கள், டீஃபால்டிலிருந்து அவர் செய்த மாற்றங்களை மட்டும் சேமியுங்கள். பக்கத்தை ஒவ்வொரு முறையும் டீஃபால்ட், குழு, பயனர் என்ற வரிசையில் சேர்த்து உருவாக்குங்கள்.

இதைச் சொல்வது எளிது, செய்யும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, நீக்கியதைப் பதிவு செய்வது. பல போர்டல்களில் பயனர் வைத்திருக்கும் பெட்டிகளின் பட்டியலை மட்டும் சேமிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ‘விடுதிக் கட்டணம்’ இல்லை என்றால் அதற்கு இரண்டு பொருள் இருக்க முடியும். அவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எடுத்திருக்கலாம். அல்லது அவர் பக்கத்தை அமைத்த காலத்தில் அந்தப் பெட்டியே இல்லாமல் இருந்திருக்கலாம். பட்டியலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. முதலாவது என்றால் மறுபடி காட்டுவது தொல்லை. இரண்டாவது என்றால் காட்டாமல் விடுவது தவறு. அதனால் ‘இந்தப் பயனர் இந்தப் பெட்டியை இந்தத் தேதியில் நீக்கினார்’ என்று ஒரு வரி தனியாக இருக்க வேண்டும். அந்த வரி இருந்தால் காட்டாதீர்கள், இல்லாவிட்டால் காட்டுங்கள். சேர்த்தது, நகர்த்தியது, உள் செட்டிங்கை மாற்றியது ஆகியவற்றுக்கும் இதேபோல் ஒவ்வொரு வரி. பெரும்பாலான பயனர்களுக்கு ஒரு வரிகூட இருக்காது, மாற்றியவர்களுக்கும் சில வரிகள்தான் இருக்கும். டேட்டாபேஸும் சின்னதாகவே இருக்கும்.

இரண்டாவது, பெட்டிகளுக்கு மாறாத அடையாளம். தலைப்பை வைத்தோ, ‘இரண்டாம் பத்தியில் (செங்குத்து வரிசையில்) மூன்றாவது’ என்ற இடத்தை வைத்தோ ஒரு பெட்டியைக் குறிக்கக் கூடாது. ‘தேர்வு முடிவுகள்’ என்ற தலைப்பை அடுத்த ஆண்டு ‘மதிப்பெண்கள்’ என்று மாற்றுவீர்கள்; நடுவில் ஒரு பெட்டியைச் செருகினால் இடத்தின் எண்ணும் மாறும். ஒரு பெட்டி உருவாகும்போது அதற்கு ஓர் அடையாளம் கொடுத்து, அந்தப் பெட்டி இருக்கும்வரை அதை மாற்றாமல் வைத்திருங்கள். பெட்டியையே ஒருநாள் எடுத்துவிட்டால், அதைப் பற்றிய பயனர் வரிகளைப் பக்கம் உருவாகும்போது சத்தமில்லாமல் தாண்டிச் செல்ல வேண்டும். உடனே அழித்துவிட வேண்டாம்; நிறுத்திய பெட்டி அடுத்த கல்வியாண்டில் திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது.

மூன்றாவது, இடத்தை எப்படிக் குறிப்பது. ‘வருகைப் பதிவு பெட்டியை மேலே கொண்டுபோனார்’ என்பதை, ‘எந்தப் பத்தி, எந்தப் பெட்டிக்கு அடுத்து’ என்று சேமிப்பது நடைமுறையில் நன்றாக நிற்கிறது. அந்த அடுத்த பெட்டி காணாமல் போயிருந்தால், அந்தப் பத்தியின் டீஃபால்ட் வரிசைக்குத் திரும்பிவிடலாம். சேர்க்கும் வேலை முடிந்ததும் ஒரே பெட்டி இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா, எங்கும் வராமல் போன கட்டாயப் பெட்டி இருக்கிறதா என்று ஒரு சோதனையும் ஓட வேண்டும். இது சில வரி நிரல்தான். ஆனால் இந்தச் சோதனை இல்லாத போர்டலில் ஹெல்ப்டெஸ்க்குக்கு வரும் புகார்கள் விசித்திரமாக இருக்கும்.

அப்புறம், புதிய பெட்டி வரும்போது ஏற்கெனவே தன் பக்கத்தை மாற்றி வைத்தவருக்கு அதை எங்கே காட்டுவது? அவர் வரிசையின் நடுவில் திணித்தால் எரிச்சல் வரும். ஒரு பத்தியின் அடியில் ‘புதிது’ என்ற குறியோடு வையுங்கள். அவசரமானது என்றால் மேலே வையுங்கள். வைத்துக்கொள்கிறேன், வேண்டாம் என்று இரண்டு பட்டன் போதும். அவர் எதை அழுத்தினாலும் அது ஒரு வரியாகப் பதிவாகும், மறுபடி கேட்க வேண்டியதில்லை.

பூட்டுவதைப் பற்றி. எல்லாவற்றையும் நீக்க விடக் கூடாது என்பதில் சந்தேகமில்லை. தேர்வு அறிவிப்பு, கட்டணக் கடைசித் தேதி, பாதுகாப்பு எச்சரிக்கை போன்றவை எப்போதும் இருக்க வேண்டும். ஆனால் பூட்டு என்பது ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை. நீக்கக் கூடாது ஆனால் நகர்த்தலாம். நகர்த்தக் கூடாது ஆனால் சுருக்கி வைக்கலாம். எதுவுமே செய்யக் கூடாது. இப்படிப் படிகள் இருந்தால் பெரும்பாலான பெட்டிகளுக்கு முதல் படியே போதும். ஒரு மாணவர் தேர்வு அறிவிப்பைக் கீழே தள்ளி, தான் தினமும் பார்க்கும் கால அட்டவணையை மேலே வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

நடைமுறையில் பூட்டு என்பது தொழில்நுட்பப் பிரச்சினையாக இருப்பதைவிட அலுவலகப் பிரச்சினையாகவே இருக்கும். பூட்டும் வசதி இருக்கிறது என்று தெரிந்ததும் ஒவ்வொரு துறையும் தங்கள் பெட்டியைப் பூட்டச் சொல்லும். விளையாட்டுத் துறைக்கு அவர்கள் போட்டி அறிவிப்பு முக்கியம், முன்னாள் மாணவர் சங்கத்துக்கு அவர்கள் விழா முக்கியம். எல்லாம் பூட்டிய பக்கத்தில் பயனருக்கு மாற்ற எதுவும் மிஞ்சாது. ஆகவே பூட்டும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். எத்தனை பெட்டிகளைப் பூட்டலாம் என்று ஒரு வரம்பை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு அல்லது மூன்று என்றால் நல்லது. பூட்டிய பெட்டிக்கு முடிவுத் தேதியும் கேளுங்கள். கட்டணத் தேதி முடிந்த பிறகும் அந்தப் பெட்டி தலையில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி, எதுவரை திறப்பது என்ற முதல் கேள்வி. இங்கே ஒரு விஷயத்தை நிர்வாகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பெரும்பாலோர் எதையும் மாற்ற மாட்டார்கள். இது புதிதாகக் கண்டது இல்லை. பயனரே அமைத்துக்கொள்ளும் முகப்புப் பக்கமான மை யாகூ 1996-இல் தொடங்கியது, இந்த வகைச் சேவைகளில் முன்னோடி. அதில் கிடைத்த அனுபவத்தை யாகூவில் பணியாற்றிய உடி மேன்பர், ஆஷ் பட்டேல், ஜான் ராபிசன் மூவரும் 2000-ஆம் ஆண்டு ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் இதழில் கட்டுரையாக எழுதினார்கள். பெரும்பாலான பயனர்கள் கொடுத்த பக்கத்தை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள், எனவே டீஃபால்ட் பக்கத்துக்கே மிகுந்த உழைப்பு தேவை என்பது அவர்கள் சொன்ன முக்கியமான பாடங்களில் ஒன்று. கூடவே, தீவிரமாகப் பயன்படுத்தும் சிலர் தாங்கள் எதிர்பார்க்காத அளவுக்குப் பக்கத்தை வளைத்துப் பயன்படுத்துவதையும் அவர்கள் கவனித்திருக்கிறார்கள். இரண்டும் உங்கள் போர்டலிலும் நடக்கும்.

இதிலிருந்து, தனிப்பயன் வசதியே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குழுவுக்கேற்ற டீஃபால்ட் பாதி வேலைக்கு மேல் முடித்துவிடும் என்பதே இதிலிருந்து கிடைப்பது. முதலாண்டு மாணவருக்கு ஒரு பக்கம், இறுதியாண்டு மாணவருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று. இவற்றை நன்றாகச் செய்துவிட்டால், “என் பக்கம் எனக்கு ஒத்துவரவில்லை” என்பவர் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். மீதி இருப்பவர்களுக்குத்தான் இழுத்து நகர்த்தும் வசதி. அந்த மீதிப் பேர் செய்யும் மாற்றங்கள் உங்களுக்குத் திரும்ப உதவும்: ஒரே பெட்டியைப் பலரும் நீக்கியிருக்கிறார்கள் என்று அந்த ‘நீக்கினார்’ வரிகள் காட்டினால், அது டீஃபால்டிலேயே இருக்கக் கூடாத பெட்டி. செமஸ்டர் முடிவில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முழு நகல் எடுத்துச் சேமித்திருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

திறக்க வேண்டியவை: பெட்டியை நீக்குவது, பட்டியலிலிருந்து சேர்ப்பது, வரிசை மாற்றுவது, சுருக்குவது, தனக்கென்று ஒன்றிரண்டு டேப் உருவாக்கிக்கொள்வது. அதோடு ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே சில செட்டிங்குகள்: எத்தனை வரி காட்டுவது, எந்தப் பாடங்களின் செய்தி, எந்த மொழி. ஜாவா போர்டல்களில் இதற்கு ஒரு பொதுத் தரமே உண்டு. 2003-இல் வந்த ஜேஎஸ்ஆர் 168 ஒவ்வொரு போர்ட்லெட்டுக்கும் (அங்கே பெட்டிக்கு அதுவே பெயர்) பார்க்கும் நிலை, திருத்தும் நிலை, உதவி நிலை என்று மூன்றை வரையறுத்தது. சாதாரணம், சுருக்கியது, பெரிதாக்கியது என்று சாளர நிலைகளையும் சொன்னது. பயனரின் விருப்பங்கள் பெயரும் மதிப்புமாகச் சேமிக்கப்படும்; ‘படிக்க மட்டும்’ என்று குறித்ததைப் பயனர் மாற்ற முடியாது. எனக்கு மிகவும் பிடித்த இரண்டு விதிகள் அதில் உண்டு. ஒன்று, பக்கத்தை வரைந்து காட்டும் கட்டத்தில் விருப்பங்களைச் சேமிக்க முயன்றால் பிழை வரும். செயல் கட்டத்தில், அதாவது பயனர் கொடுத்த கட்டளையை நிறைவேற்றும்போதுதான் சேமிக்கலாம். சும்மா பக்கத்தைத் திறந்து பார்த்ததற்காகப் பயனரின் பதிவு மாறக் கூடாது என்ற நல்ல ஒழுக்கம் இது. மற்றொன்று, ஒரு குறிப்பிட்ட விருப்பத்தை மட்டும் டீஃபால்டுக்குத் திரும்பக் கொண்டுபோகும் வசதி. 2008-இல் வந்த ஜேஎஸ்ஆர் 286 இந்த அடிப்படையை அப்படியே தொடர்ந்தது. நீங்கள் ஜாவாவே பயன்படுத்தாவிட்டாலும் இந்த இரண்டையும் உங்கள் நிரலில் பின்பற்றுங்கள்.

லைஃப்ரே என்ற போர்டல் மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேலை குறைவு. பக்கத்தின் எந்தெந்தப் பகுதியைப் பயனர் மாற்றலாம் என்று அட்மின் குறித்துக் கொடுத்தால், பயனர் அந்தப் பகுதிக்குள் மட்டும் சேர்க்கலாம், நீக்கலாம், செட்டிங் மாற்றலாம். டீஃபால்ட் பக்கத்தையும் தன் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம், வேண்டாம் என்றால் ரீசெட் செய்யலாம். குறிக்காத பகுதியில் அட்மின் செய்யும் மாற்றம் எல்லோருக்கும் உடனே போய்விடும். அதில் ஒரு கட்டுப்பாடு கவனிக்க வேண்டியது. தளம் முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக இருக்கும் செயலிகளை, மாற்றக்கூடிய பகுதிக்குள் இருந்தாலும் பயனர் மாற்ற முடியாது. ஏனென்றால் அவற்றின் தரவு தளத்துக்கே பொதுவானது. ஒருவர் செய்யும் மாற்றம் எல்லோரையும் பாதித்துவிடும். நீங்களே போர்டல் எழுதினாலும் ஒவ்வொரு பெட்டிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: பயனர் இங்கே மாற்றுவது அவர் பார்வையையா, எல்லோருக்கும் பொதுவான தரவையா? விடை தெளிவாக இல்லாத பெட்டியைத் திறக்காதீர்கள்.

நிறம், எழுத்துரு, பின்னணிப் படம் போன்ற அலங்காரத்துக்கு நான்கைந்து தயார் தீம் போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதைச் சோதித்து வையுங்கள். எழுத்தின் அளவைக் கூட்டும் வசதியைக் கண்டிப்பாகக் கொடுங்கள். பக்கத்தின் தோற்றத்தை மாற்றும் சிஎஸ்எஸ் நிரலைப் பயனரே எழுதிப் போட விட வேண்டாம்.

பயனர் தானாக ஒரு வெளி முகவரியைக் கொடுத்துப் பெட்டி உருவாக்கும் வசதியைப் பற்றியும் நிர்வாகம் கேட்கக்கூடும். ஏதாவதொரு செய்தியோடையின் முகவரியைக் கொடுத்தால் போர்டல் அதை எடுத்துக் காட்டும். கேட்க நன்றாக இருக்கும். ஆபத்தும் இங்கேதான் அதிகம். அந்த முகவரியைப் போய் எடுப்பது உங்கள் சர்வர். உள் நெட்வொர்க்கில் உள்ள ஒரு முகவரியை யாராவது கொடுத்தால், வெளியே இருந்து எட்ட முடியாத தகவலை உங்கள் சர்வரே எடுத்து வந்து அவருக்குக் காட்டிவிடும். முகவரியின் பெயரைச் சோதித்தால் மட்டும் போதாது. அது எந்த ஐபி எண்ணுக்குப் போகிறது என்று இணைக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும், வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். வந்த உள்ளடக்கத்தில் ஸ்கிரிப்ட் இருந்தால் வடிகட்ட வேண்டும். வெளிப் பக்கத்தையே பெட்டிக்குள் காட்டினால் சாண்ட்பாக்ஸ் இட்ட ஐஃப்ரேமில்தான் (மீதிப் பக்கத்தைத் தொட முடியாதபடி அடைத்த சட்டத்தில்தான்) காட்ட வேண்டும். முதல் ஆண்டில் இந்த வசதியே வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் சரிபார்த்த முகவரிகளின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும்.

வேகம். ஆளுக்கொரு பக்கம் என்றானதும் முழுப் பக்கத்தையும் கேஷில், அதாவது எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கும் தற்காலிகச் சேமிப்பில், வைக்க முடியாது. வைத்தால் ஒருவர் பக்கம் இன்னொருவருக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. தனிப் பக்கத்துக்கு இடையில் உள்ள பிராக்ஸி எதுவும் சேமிக்காதபடி ஹெடர் வையுங்கள். ஆனால் பெட்டிகளின் உள்ளடக்கம் பெரும்பாலும் பொதுவானது: கல்லூரிச் செய்தி, நூலக நேரம், நாட்காட்டி எல்லாம் எல்லோருக்கும் ஒன்றே. அவற்றைப் பெட்டி வாரியாகக் கேஷில் வைத்து, ஆளுக்கு ஆள் மாறும் வரிசையை மட்டும் ஒவ்வொரு முறையும் கணக்கிட்டால் போதும். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக ஏறட்டும், ஒவ்வொன்றுக்கும் கால வரம்பு இருக்கட்டும். கட்டண சர்வர் படுத்துவிட்ட நாளில் அந்தப் பெட்டி மட்டும் ‘இப்போது கிடைக்கவில்லை’ என்று சொல்ல வேண்டும். மீதிப் பக்கம் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

இழுத்து நகர்த்துவது மட்டுமே ஒரே வழியாக இருக்கக் கூடாது. கையில் நடுக்கம் உள்ளவர், கீபோர்டை மட்டும் பயன்படுத்துபவர், திரைவாசிப்பான் வைத்திருப்பவர் ஆகியோருக்கு இழுப்பது முடியாத காரியம். 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் வழிகாட்டி, இழுப்பதே இன்றியமையாத வேலையைத் தவிர, இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமலும் செய்ய வழி வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஒவ்வொரு பெட்டியின் மெனுவிலும் மேலே, கீழே, அடுத்த பத்திக்கு என்று மூன்று கட்டளை வைத்தால் விஷயம் முடிந்தது. போனிலும் இதுதான் வசதி. போனில் மூன்று பத்தி ஒரே பத்தியாகிவிடும் என்பதால், எந்தப் பெட்டி எதற்கு முன் வரும் என்ற ஒரே வரிசை உங்களிடம் இருக்க வேண்டும். பத்தி என்பது பெரிய திரைக்கான கூடுதல் குறிப்பாக மட்டும் இருக்கட்டும். போர்டலைத் தமிழிலும் தருகிறீர்கள் என்றால் ஒடுங்கிய பத்திகளைத் தமிழ்த் தலைப்புகளோடு சோதித்துப் பாருங்கள். ‘உள்மதிப்பீட்டு மதிப்பெண்கள்’ ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் அடங்காது.

அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தன் டெஸ்க்டாப்பில் என்ன வைத்திருக்கிறார் என்பதே அவரைப் பற்றிய தகவல். மனநல ஆலோசனைப் பெட்டியைச் சேர்த்தவர் யார், மாற்றுத்திறனாளி சலுகைப் பெட்டியை வைத்திருப்பவர் யார், கல்விக் கடன் பெட்டியைத் தினமும் திறப்பவர் யார் என்பதெல்லாம் அந்த அட்டவணையில் இருக்கும். மொத்த எண்ணிக்கையை எவரும் பார்க்கலாம். தனி நபரின் வரிகளைப் பார்க்கும் உரிமை மிகச் சிலருக்கே இருக்க வேண்டும். ஹெல்ப்டெஸ்க்கில் ‘இந்தப் பயனராகப் பார்’ என்ற வசதி தேவைப்படும், அது இல்லாமல் “என் பெட்டியைக் காணோம்” என்ற அழைப்புக்குப் பதில் சொல்லவே முடியாது. ஆனால் அது பார்க்க மட்டும் இருக்கட்டும், யார் எப்போது பார்த்தார் என்பது பதிவாகட்டும், சம்பந்தப்பட்டவர் அனுமதித்த பிறகு மட்டும் திறக்கட்டும். ரீசெட் பட்டன் பயனர் கையிலேயே இருக்க வேண்டும், அழுத்திய பிறகு மனம் மாறினால் பழையதைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். மாற்றங்களை வரி வரியாகச் சேமித்திருப்பதால் அந்த வரிகளைச் சில வாரம் ஒதுக்கி வைப்பது எளிது.

“ஐகூகுளையே மூடிவிட்டார்களே, இதற்கு எதிர்காலம் உண்டா?” என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். பயனரே பெட்டிகளை அடுக்கிக்கொள்ளும் கூகுளின் முகப்புப் பக்கம் அது. 2005-இல் தொடங்கிய அந்தச் சேவையை 2013 நவம்பரில் மூடியபோது, குரோமிலும் ஆண்ட்ராய்டிலும் செயலிகள் வந்துவிட்டதால் அதன் தேவை தேய்ந்துவிட்டது என்று கூகுள் காரணம் சொன்னது. வானிலைக்கும் செய்திக்கும் அது சரி. உங்கள் மாணவரின் வருகைப் பதிவும் கட்டண நிலுவையும் வேறு எந்தச் செயலியிலும் இல்லை. அவர் அதற்காக உங்கள் பக்கத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

வேலையைத் தொடங்கும்போது நீக்குவது, வரிசை மாற்றுவது என்ற இரண்டை மட்டும் செய்யுங்கள். சேர்க்கும் பட்டியல், டேப், தீம் எல்லாம் அடுத்த சுற்றில் வரட்டும். பயனர்களுக்குத் திறப்பதற்கு முன் ஒரு சோதனையைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். ஒரு சோதனைப் பயனராக உள்ளே போய் இரண்டு பெட்டிகளை நீக்குங்கள், ஒன்றை மேலே கொண்டுபோங்கள், ஒன்றின் உள் செட்டிங்கை மாற்றுங்கள். பிறகு அட்மினாகப் போய், புதிதாக ஒரு பெட்டி சேருங்கள், ஒன்றின் தலைப்பை மாற்றுங்கள், ஒன்றை மொத்தமாக எடுத்துவிடுங்கள், அந்தப் பயனர் நீக்கிய இரண்டில் ஒன்றைப் பூட்டுங்கள். மறுபடி அந்தப் பயனராக லாகின் செய்யுங்கள். புதியது வந்திருக்க வேண்டும். தலைப்பு மாறியிருக்க வேண்டும். எடுத்தது பிழையில்லாமல் மறைந்திருக்க வேண்டும். பூட்டியது திரும்பி வந்திருக்க வேண்டும், அதுவும் ஏன் வந்தது என்று ஒரு வரி விளக்கத்தோடு. நீக்கிய மற்றொன்று வராமலே இருக்க வேண்டும். மேலே கொண்டுபோனதும் உள் செட்டிங்கை மாற்றியதும் அவர் விட்ட நிலையிலேயே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் திறக்கும் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.